எட்டு டிகிரியில் நின்று வானியல் படிப்பது

மார்த்தாண்டம் பக்கமிருந்து இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மூன்றாம் செமஸ்டரில் அறிமுக வானியலை விருப்பப் பாடமாக எடுத்தேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. முதல் யூனிட்டே வான்கோளமும் ஆயத்தொலைவுகளும். மூன்று தடவை வாசித்தும் தலையில் ஏறவில்லை, முதல் இன்டர்னலில் மார்க் போய்விட்டது. டெலஸ்கோப் இல்லாமல் இதைப் படிக்க முடியுமா? கணக்கு எவ்வளவு வரும்? பேப்பரை மாற்றிவிடட்டுமா?"

மாற்ற வேண்டாம் மக்களே. இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் நான். வான்கோளத்தில் மாட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தடுக்கிவிட்டது பெரும்பாலும் ஒரே ஒரு படம்.

அந்தப் படத்தை எடுத்துப் பார். தரையில் ஒரு ஆள் நிற்பான், அவன் தலைக்கு மேல் அரைக்கோளமாக வானம். வடக்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவில் துருவ நட்சத்திரம். அதைச் சுற்றி நட்சத்திரங்கள் வட்டமடிக்கும். சப்தரிஷி மண்டலம் மறைவதே இல்லை என்று கீழே எழுதியிருக்கும். பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானத்தில் ஓடும் வான நடுக்கோடு தெற்கே சரிந்து கிடக்கும். அந்த ஆள் நிற்பது சுமார் 40 டிகிரி வடக்கு அட்சரேகையில், அதாவது புத்தகம் எழுதியவர்களின் ஊரில். நீ நிற்பது 8 டிகிரியில். துருவம் உனக்கு அடிவானத்திலிருந்து எட்டே டிகிரி உயரத்தில் இருக்கிறது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி ஏறக்குறைய பத்து டிகிரி, துருவம் அதற்கும் குறைவு. அந்த உயரத்தில் நமக்கு வடக்கே மலையும் தென்னையும் மங்கலும்தான். சப்தரிஷி மண்டலம் இங்கே உதித்து மறைகிறது. வான நடுக்கோடு உச்சியிலிருந்து தெற்கே எட்டு டிகிரி மட்டும் தள்ளி ஓடுகிறது. கிணற்றிலிருந்து வாளி ஏறுவதுபோல நட்சத்திரங்கள் கிழக்கே ஏறக்குறைய நேராக ஏறி, மேற்கே நேராக இறங்குகின்றன. படிக்கிற படம் ஒன்று, மொட்டை மாடியில் தெரிகிற வானம் வேறு. இரண்டும் ஒட்டாதபோது பிள்ளைகள் மனப்பாடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் போனேன். "துருவத்தின் உயரம் அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமம்" என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். படிப்பு முடிந்த பிறகு ஒரு ஏப்ரல் மாத ராத்திரி முட்டத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது, கடல்தொழில் செய்த பெரியவர் ஒருவர் தெற்கே கடலுக்கு மேல் கை காட்டி, "அந்த நாலு வெள்ளியும் என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார். கடற்கரையில் பழைய ஆட்களுக்கு நட்சத்திரம் என்றால் வெள்ளி. எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். தென்சிலுவையின் அடி நட்சத்திரம் அக்ரக்ஸ், அதன் டெக்லினேஷன், அதாவது வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே தள்ளி நிற்கும் கோணம், மைனஸ் 63 டிகிரி; மைனஸ் என்றால் தெற்கு. 90 இலிருந்து 8ஐயும் 63ஐயும் கழித்தால் 19. தெற்கு அடிவானத்துக்கு மேல் 19 டிகிரி, ஏறக்குறைய இரண்டு முஷ்டி. நான் பார்த்த இடமும் அதுதான். டெக்லினேஷன் என்ற சொல் எதற்காக இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

உனக்கு முதல் வேலை இது: புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு வான்கோளப் படத்தையும் நோட்டில் 8 டிகிரிக்கு மறுபடி வரை. துருவத்தை வடக்கே தரையோரம் வை, நடுக்கோட்டை உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே வை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். வரைந்து முடித்ததும் அந்த யூனிட்டில் பாதி தானாக விளங்கிவிடும். நட்சத்திரங்கள் நிற்கிற பலகை ஒன்று, நாம் நின்று பார்க்கிற ஜன்னல் ஒன்று. ரைட் அசென்ஷனும் (வானத்தின் தீர்க்கரேகை) டெக்லினேஷனும் (வானத்தின் அட்சரேகை) பலகையில் எழுதிய முகவரி, அது ஊருக்கு ஊர் மாறாது. உயரமும் திசையும் ஜன்னலைப் பொறுத்தவை, அவை ஊருக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும். ஊட்டியில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970இலிருந்து நிற்கிறது. அதை உருவாக்கிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் அதற்காகத் தேடியது வடக்கு தெற்காகச் சுமார் 11 டிகிரி சரிந்த ஒரு மலைச்சரிவை. அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரிதான். ஆகவே தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே போனால் மணிக்கணக்காக ஒரே பொருளைத் தொடரலாம். துருவத்தின் உயரமும் அட்சரேகையும் சமம் என்ற அந்த ஒற்றை வரியை நம்பித்தான் மலைமேல் அவ்வளவு பெரிய கருவியைக் கட்டினார்கள்.

அடுத்தது கம்பு. டெலஸ்கோப்புக்கு முன்னால் எல்லாரும் செய்ய வேண்டியது இதுதான். ஒரு மீட்டர் கம்பு ஒன்றைச் சமதரையில் தூக்குக்குண்டு பிடித்து நேராக நடு. மதிய நிழல் எப்போதும் வடக்கே விழும் என்று புத்தகம் சொல்லும். ஏப்ரல் 11 வாக்கிலிருந்து செப்டம்பர் 1 வாக்கு வரை நமக்கு அது தெற்கே விழும், ஏனென்றால் அந்த மாதங்களில் சூரியன் நம் தலைக்கு வடக்கே கடக்கிறது. அந்த இரண்டு தேதிகளையும் ஒட்டி நடுப்பகலில் நிழலே இருக்காது. செப்டம்பர் 1 உன் செமஸ்டருக்குள்ளேயே வருகிறது, விட்டுவிடாதே. மேகம் மூடினாலும் மோசமில்லை. ஒரு நாளைக்குச் சூரியனின் டெக்லினேஷன் அந்தச் சமயத்தில் சுமார் 0.36 டிகிரி நகர்கிறது. ஒரு மீட்டர் கம்புக்கு அது ஆறு மில்லிமீட்டர் நிழல். இரண்டு நாள் பிந்தி அளந்தாலும் திருத்திக்கொள்ளலாம்.

அதே நாளில் சென்னையில் இருக்கும் தோழியையும் ஒரு கம்பு நடச் சொல். நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் அட்சரேகை வித்தியாசம் 4.9 டிகிரி, வடக்கு தெற்காக மட்டும் பார்த்தால் சுமார் 545 கிலோமீட்டர். பஸ் போகும் தூரத்தை எடுத்துவிடாதே, அது வளைந்து வளைந்து போவது. இங்கே நிழல் இல்லாத அன்று அவளுக்கு எட்டரை சென்டிமீட்டர் அளவுக்கு விழும். நிழலிலிருந்து கோணத்தை எடுத்து, 545ஐ 360ஆல் பெருக்கி, அந்தக் கோணத்தால் வகுத்துப் பார். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். பழைய கிரேக்க அறிஞர் எரடோஸ்தெனிஸ் அலெக்சாண்டிரியாவில் 7.2 டிகிரியை வைத்துச் செய்ததும் இதே கணக்குத்தான்.

கம்பு இன்னொன்றும் சொல்லித் தரும். நிழல் மிகக் குட்டையாகிற நேரம் 12 மணி இல்லை, சுமார் 12:20. இந்திய நேரம் மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையைப் பொறுத்தது, நாமோ ஏறக்குறைய 77.5இல் இருக்கிறோம். ஐந்து டிகிரி, டிகிரிக்கு நான்கு நிமிடம், ஆக இருபது நிமிடம். ஆனால் பிப்ரவரி நடுவில் அளந்தால் 12:34 ஆகிவிடும், நவம்பர் தொடக்கத்தில் 12:04க்கே வந்துவிடும். பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதும், அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்கிற வேலை இது. மாதம் இரண்டு தடவை அளந்து வரைபடம் போட்டுப் பார், கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் உள்ள இந்த நேர வித்தியாசம், பாடத்தில் வரும் 'ஈக்வேஷன் ஆஃப் டைம்', உன் கையெழுத்திலேயே இருக்கும்.

இதைச் சொல்லும்போது கன்னியாகுமரி காந்தி மண்டபத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அக்டோபர் 2 அன்று உச்சிவேளையில், காந்தியின் அஸ்தி வைத்திருந்த இடத்தில் வெயில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனபோதே உனக்குச் சொல்லியிருப்பார்கள். இப்போது அதையே கணக்காகப் போடு. அன்று சூரியனின் டெக்லினேஷன் மைனஸ் 3.5 டிகிரிக்குப் பக்கம், இடத்தின் அட்சரேகை 8.1. அப்படியானால் வெளிச்சம் உச்சியிலிருந்து தெற்கே எத்தனை டிகிரி சாய்ந்து வர வேண்டும்? விடை 11.6. சூரியன் அந்த இடத்துக்கு வருடத்தில் எத்தனை தடவை வரும்? இரண்டு தடவை: தெற்கே போகும்போது அக்டோபரில், வடக்கே திரும்பும்போது மார்ச் 11, 12 வாக்கில். நேரம் மட்டும் மாறும். அக்டோபரில் 12:10ஐ ஒட்டி உச்சிவேளை, மார்ச்சில் 12:30. இந்த ஒரு கேள்வியைத் துணையில்லாமல் போட்டு முடித்தால் முதல் யூனிட்டில் உனக்குப் பயம் இருக்காது.

நம் ஊரில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப்படை செமஸ்டர் முழுக்க மழை. தென்மேற்குப் பருவமழை விட்டதும் வடகிழக்கு பிடித்துக்கொள்ளும், இரண்டும் கிடைக்கிற மாவட்டம் இது. ஆகவே டிசம்பர் வரை பகல் வேலையும் நிலாவும். நட்சத்திரங்களை ஜனவரிக்கு வைத்துக்கொள்.

நிலாவுக்கு நமக்குப் புத்தகமே தேவையில்லை, காலண்டர் போதும். குழித்துறை வாவுபலிக்குப் போயிருப்பாய். ஆடி அமாவாசை, சூரியனும் நிலாவும் ஒரே பக்கம், அதனால் நிலா தெரியாது. சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் மறைய மறுபக்கம் நிலா எழும்புகிறது என்று கூட்டம் கூடுகிறது. எந்தப் பௌர்ணமியிலும் நிலா சூரியன் மறையும் வேளையை ஒட்டித்தான் எழும்பும், ஏனென்றால் அன்று அது சூரியனுக்கு நேரெதிரே இருக்கிறது. கிழக்கையும் மேற்கையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கக் கிடைப்பதுதான் குமரிமுனையின் பாக்கியம். இன்னும் உள்ளே போ. அன்று நிலா சித்திரை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கும், அதாவது புத்தகத்தில் ஸ்பைக்கா. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் எல்லாமே பௌர்ணமி நிலா எந்த நட்சத்திரத்தின் அருகே நிற்கிறது என்ற குறிப்புகள். 27 நட்சத்திரம் ஏன்? நிலா ஒரு சுற்று வந்து அதே நட்சத்திரத்தை அடைய 27.3 நாள், நாளுக்கு 13 டிகிரி. பௌர்ணமியிலிருந்து பௌர்ணமிக்கு மட்டும் ஏன் 29.5? அதற்குள் சூரியனும் சுமார் 27 டிகிரி நகர்ந்துவிடுகிறது, நிலா அதை எட்டிப் பிடிக்க இரண்டு நாளுக்குமேல் ஆகிறது. பாதிப் பேர் தப்பாக எழுதுகிற கேள்வி இது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பெயர்களை நான் எடுப்பது, அவற்றில் பல தலைமுறைகளின் கவனிப்பு இருப்பதால். ஜாதக பலனுக்கும் இந்தப் பாடத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் பத்திரிகையில் வரும் பெயர்ச்சித் தேதிகளை நான் வகுப்பில் கோள்களின் சுற்றைப் பற்றிய கெப்ளர் விதிக்குப் பயன்படுத்தியிருக்கிறேன். குரு ராசி மாற ஏறக்குறைய ஒரு வருடம், பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு வருடம். சரியான கணக்கு 11.86. சனிக்கு ராசிக்கு இரண்டரை வருடம், சுற்றி வர ஏறக்குறைய 30, சரியாகச் சொன்னால் 29.5. காலத்தை வருடத்திலும், சூரியனிலிருந்து தூரத்தைப் பூமியின் தூரம் ஒன்று என்றும் வைத்து, காலத்தின் வர்க்கம் தூரத்தின் கனத்துக்குச் சமம் என்பதில் போட்டுப் பார்: குரு என்கிற வியாழன் பூமியைப்போல 5.2 மடங்கு தூரத்தில், சனி 9.5 மடங்கு தூரத்தில். வீட்டுக்கு வரும் பேப்பரை வைத்துக்கொண்டே சூரியக் குடும்பத்தின் அளவை எடுத்துவிடலாம்.

கணக்கு எவ்வளவு வரும் என்று கேட்டாய். அறிமுகப் பாடத்துக்கு மடக்கை, சிறுகோண விதி, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம், கெப்ளர், அவ்வளவுதான். சிறுகோணத்துக்குக் கன்னியாகுமரி கரையில் நில். திருவள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி, 40.5 மீட்டர். நீட்டிய கையில் சிறுவிரல் அகலம் ஒரு டிகிரி, நடுவிரல்கள் மூன்றும் சேர்ந்தால் ஐந்து. சிலை நான்கு டிகிரி உயரம் தெரிகிற இடத்தில் நிற்கிறாய் என்று வை. 40.5ஐ 4ஆல் வகுத்து 57.3ஆல் (ஒரு ரேடியனுக்கு இத்தனை டிகிரி) பெருக்கினால் சிலையிலிருந்து உன் தூரம் சுமார் 580 மீட்டர். நிலாவுக்கும் இதே விதி, திருப்பிப் போட வேண்டும். அரை டிகிரி அகலம், 3,84,000 கிலோமீட்டர் தூரம், ஆக விட்டம் சுமார் 3,350. உண்மையான விட்டம் 3,475. விரலால் அளந்ததற்கு இது போதாதா? பூமி சூரியனைச் சுற்றுவதால் நட்சத்திரம் இடம் மாறித் தெரிகிற பேரலாக்ஸும் இதே விதிதான், கோணம் மட்டும் மிகமிகச் சிறிது. ஆல்ஃபா சென்டாரிக்கு 0.75 ஆர்க் செகண்டு, ஒரு ஆர்க் செகண்டு என்பது டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு. ஒன்றை அதனால் வகுத்தால் 1.33 பார்செக், சுமார் 4.35 ஒளியாண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான கல்லூரிகளிலிருந்து அந்த நட்சத்திரத்தைப் பார்க்கவே முடியாது. உனக்கு ஏப்ரல் கடைசியில் நள்ளிரவை ஒட்டி, தெற்கே இரண்டு முஷ்டி உயரத்தில் நிற்கும்.

மேக்னிட்யூட் என்றதும் எல்லாரும் மிரளுவார்கள். அது நட்சத்திரத்தின் பிரகாச அளவு, எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். பிப்ரவரி நடுவில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பி நில். தலைக்குக் கொஞ்சம் தெற்கே எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக சிரியஸ். அதற்குக் கீழே மூன்றரை முஷ்டி இறங்கினால், தனியாக அகத்தியர். புத்தகத்தில் கனோபஸ். சிரியஸின் மேக்னிட்யூட் மைனஸ் 1.46, கனோபஸ் மைனஸ் 0.74. வித்தியாசம் 0.72. ஒரு மேக்னிட்யூடுக்கு 2.512 மடங்கு, 0.72க்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக, பார்வைக்கு சிரியஸ் இரண்டு மடங்கு பிரகாசம். ஆனால் சிரியஸ் 8.6 ஒளியாண்டில் இருக்கிறது, கனோபஸ் சுமார் 310இல். தூரம் 36 மடங்கு, அதன் வர்க்கம் 1,300. அதில் பாதி 650. அத்தனை தொலைவில் நின்றும் இவ்வளவு தெரிகிறது என்றால், கனோபஸ் உண்மையில் சிரியஸைப்போல சுமார் 650 மடங்கு ஒளி வீசுகிறது. தோற்ற ஒளி, உண்மை ஒளி, தூரம் மூன்றும் இந்த இரண்டு நட்சத்திரங்களிலேயே அடங்கிவிட்டன. பரீட்சையில் தோற்ற ஒளியையும் உண்மை ஒளியையும் ஒப்பிட்டுத் தூரம் காணும் டிஸ்டன்ஸ் மாடுலஸ் வந்தால் இவர்கள் இருவரையும் நினைத்துக்கொள்.

அதே திசையில் ஓரியனையும் பார். சிவப்பாகத் தெரிவது திருவாதிரை, புத்தகத்தில் பெட்டல்ஜூஸ். நீலவெள்ளையாக இருப்பது ரைஜெல். கொல்லனின் உலையில் இரும்பு சிவந்து, மஞ்சளாகி, வெளுப்பதுபோல நட்சத்திரத்துக்கும் நிறம்தான் வெப்பம்: ஒன்று சுமார் 3,500 கெல்வின், மற்றது சுமார் 12,000. நட்சத்திரங்களை வகைப்படுத்தும் எச்ஆர் வரைபடத்தின் கிடை அச்சு இந்த நிறம், நிமிர்ந்த அச்சு போன பத்தியில் கண்டுபிடித்த உண்மை ஒளி. நிறமாலைக் கோடுகளிலிருந்து வெப்பத்தை எடுக்கும் வழியை நம் நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாகா 1920இல் தந்தார். அந்தக் கோடுகள் இடம் நகர்ந்ததை வைத்து, சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கோடைக்கானலில் கண்டார். இவற்றைப் பெயர்ப் பட்டியலாகப் படிக்காதே, "கோடு ஏன் நகர்ந்தது?" என்று கேட்டுப் படி. கடைசி யூனிட்டில் வரும் விண்மீன் திரள்கள், பிரபஞ்ச விரிவு எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான். யூடியூபில் கருந்துளையிலிருந்து தொடங்கிய பிள்ளைகள் இந்த இடத்தில்தான் திணறுவார்கள். நீ கம்பிலிருந்து வந்தவள், திணற மாட்டாய்.

மொழியைப் பற்றி: ஆங்கிலப் புத்தகத்தை ஒரு பத்தி வாசி, மூடு, தமிழில் மூன்று வரி எழுது, பிறகு பரீட்சைக்கான ஆங்கில வரியை எழுது. மெதுவாகப் போகும், ஆனால் தங்கும். ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்டிருக்கும் வானியல் பாடநூல் இணையத்தில் இலவசம், ஆங்கிலமும் எளிது. ஸ்டெல்லேரியம் மென்பொருளும் இலவசம். அதில் இடத்தை நாகர்கோவில் என்று மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி யாரோ ஒருவர் ஊர் வானம்.

மேலே படிக்க வழி இருக்கிறதா என்ற கவலையும் உனக்கு இருக்கும். இஸ்ரோ தலைவர் பதவிக்கு வந்த சிவனும் நாராயணனும் நம் மாவட்டத்துக்காரர்கள், இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியும் பக்கத்தில். அதனால் வானியல் என்றாலே ராக்கெட் என்று வீட்டில் நினைப்பார்கள். ராக்கெட் பொறியியல், இது இயற்பியல். எம்எஸ்சி இயற்பியலுக்கு ஜாம் தேர்வு, ஆராய்ச்சிக்கு ஜெஸ்ட் போன்ற தேர்வுகள், பிறகு பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனம், புனேயில் ஐயூகா என்ற வானியல் ஆராய்ச்சி மையம். திருவனந்தபுரம் பக்கம் வலியமலையில் இருக்கும் விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு உன் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்கூட இருக்காது. இந்த எல்லாத் தேர்வுக்கும் அடிப்படை மெக்கானிக்ஸும் எலெக்ட்ரோமேக்னெடிஸமும் குவாண்டமும். வானியலில் ஆசை வந்ததற்காக அவற்றைக் கைவிட்டுவிடாதே.

டெலஸ்கோப் இப்போது வாங்க வேண்டாம். காசு சேர்ந்தால் 7x50 அல்லது 10x50 பைனாகுலர் ஒன்று போதும். வியாழனின் நான்கு நிலாக்களும் அதில் தெரியும், கையை மாடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால். சூரியன் பக்கம் மட்டும் அதைத் திருப்பாதே, கண் போய்விடும். ராத்திரி தனியாகக் கடற்கரைக்குப் போகவும் வேண்டாம், வீட்டில் யாரையாவது கூட்டிக்கொள். ஏப்ரல் கடைசியில், நிலா இல்லாத ராத்திரி பதினொன்றரைக்குச் சங்குத்துறையிலோ சொத்தவிளையிலோ தெற்கே பார்த்து நின்றால், தென்சிலுவைக்கு மேலே இடப்பக்கமாக, மூன்றரை முஷ்டி உயரத்தில் பஞ்சுபோல ஒன்று மங்கலாகத் தெரியும். பைனாகுலரை அதில் வை. அது ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம், சுமார் 17,000 ஒளியாண்டு, ஒரு கோடி நட்சத்திரங்கள் இருக்கலாம் என்கிறார்கள். அதன் டெக்லினேஷன் மைனஸ் 47.5. உயரம் சரியாக வருகிறதா என்று அங்கேயே விரலால் அளந்து, எனக்கு எழுது.